மோழைக் கிடா வாங்கிப் பட்ட பாடு

விருத்தாசலம் பக்கம் எங்கள் ஊர். பட்டியில் 26 பெட்டைகள், எல்லாம் சென்னைச் சிவப்பு. திருவள்ளூரிலிருந்து கடலூர் வரைக்கும் பரவலாக இருக்கிற செம்மறி இனம். கம்பளி கிடையாது, குட்டை முடிதான்.

மூன்று வருடத்துக்கு முன்பு பழைய கிடாவுக்கு வயதாகிவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கினேன். பால் பல் விழுந்து இரண்டு நிலைப்பல் முளைத்த இளசு, நல்ல செம்பழுப்பு, நீண்ட உடம்பு. கொம்பு மட்டும் இல்லை. "மோழையா இருக்கறதே நல்லதுங்க, சினை ஆட்டை முட்டாது, வேலியில மாட்டாது" என்றார் விற்றவர். அவர் சொன்னதில் பொய் இல்லைதான். பெட்டைக்கே கொம்பு இல்லையே, கிடாவுக்கு இல்லாவிட்டால் என்ன என்று நானும் ஓட்டி வந்துவிட்டேன்.

சென்னைச் சிவப்பில் பெட்டை மோழை; கிடாவுக்கு வரிவரியாக மடிப்பு விழுந்து முறுக்கிய கனமான கொம்பு இருக்க வேண்டும். இரண்டுமே மோழை என்றால் அது மேச்சேரி, சேலம், ஈரோடு பக்கத்து இனம். அதுவும் பழுப்பு நிறம்தான். தோலுக்குப் பேர் போன ஆடு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் பட்டிக்கு வந்தது இதுவும் இல்லை, அதுவும் இல்லை.

ஐந்து மாதம் கழித்துக் குட்டிகள் விழுந்தன. 9 கிடாக்குட்டி, 11 பெட்டைக்குட்டி. நான்கு மாதம் ஆனபோது மூன்று கிடாக்குட்டிகளுக்கு நகம் மாதிரி சின்னதாகக் கொம்பு. பிடித்து அசைத்தால் தோலோடு ஆடுகிறது, எலும்பில் ஒட்டவே இல்லை. மற்ற ஆறுக்கும் தலை வழவழ. தடுப்பூசி போட வந்த கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, தகப்பன் கலப்பு என்று சொன்னார். கிடாக்குட்டிகளைக் கறிக்கு விற்றுவிடலாம், கவலை அது இல்லை. பெட்டைக்குட்டிகளைத்தான் யோசிக்க வேண்டும் என்றார். அதுகளுக்கு எப்படியும் கொம்பு வராது, அதனால் கலப்பு வெளியே தெரியாது. நாளைக்கு அது போடும் கிடாக்குட்டியில்தான் தெரியும்.

அந்த வாரம் சரியாகத் தூங்கவில்லை. பதினொன்றும் பார்க்க அவ்வளவு அழகு. அதில் ஒன்றை அம்மா புட்டிப்பால் கொடுத்து வளர்த்திருந்தார். "இதை மட்டுமாவது வச்சிக்கோடா" என்றார். வைத்துக்கொள்ளவில்லை. வேப்பூர் சந்தைக்கு எல்லாவற்றையும் ஏற்றினேன், கிடாவையும் சேர்த்து. அந்தக் கிடாவை நல்ல இனம் என்று சொல்லி இன்னொருவர் தலையில் கட்ட மனசு வரவில்லை. கறி விலைக்கே கொடுத்தேன்.

அப்புறம் கிடா தேடும் வேலை. இந்த முறை சந்தையில் வாங்குவதில்லை என்று முடிவு செய்து, திண்டிவனம் பக்கம் கிடை போடுகிற பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். நான் கொம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர், "கிடாவ அப்புறம் பாரு தம்பி, மொதல்ல அதோட அண்ணன் தம்பிங்களப் பாரு" என்று கிடைக்குள் கூட்டிப் போனார். ஒரே தகப்பனுக்குப் பிறந்த ஐந்து கிடாக்கள். ஐந்துக்கும் முறுக்குக் கொம்பு, பிடித்து ஆட்டினால் தலைதான் அசைகிறது. நெற்றியில் ஒன்றுக்கு வெள்ளை இருந்தது; இந்த இனத்தில் நெற்றியிலும் அடிவயிற்றிலும் வெள்ளை வரும், அது கலப்பு இல்லை. தாயையும் காட்டினார். தகப்பன் கிடா இன்னும் கிடையிலேயே நின்றது. இவ்வளவும் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுத்தேன்.

இந்தக் கிடாவுக்கு விழுந்த குட்டிகளுக்கு இப்போது மூன்று மாதம். கிடாக்குட்டி 8. தினமும் தலையைத் தடவிப் பார்க்கிறேன். ஏழுக்கு இரண்டு பக்கமும் கெட்டியாக முளை தட்டுப்படுகிறது. எட்டாவதற்கு ஒன்றும் இல்லை. அதன் தாய் இரண்டு வருடத்துக்கு முன்பு வெளியிலிருந்து நான் வாங்கிய பெட்டை. காதில் தோடு எண் 14. நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன், அடுத்த ஈற்றையும் பார்க்க வேண்டும்.