போட்டில் கிடக்கும் பிளேரும் அதன் திகதியும்

வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் புறப்படும் போட்டில் ஐஸ், டீசல், தண்ணீர், அரிசி எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்ப்பார்கள். ஆபத்தில் உதவி கேட்டுக் கொளுத்தும் வெளிச்சக் குழாயான பிளேரைக் கேட்டால் "கெபினுக்குள்ள கிடக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எடுத்துப் பார்த்தால் திகதி எழுத்தே டீசல் கையில் தேய்ந்து அழிந்திருக்கும். புதிதாக வாங்கிய அன்றே உற்பத்தித் திகதியையும் முடிவுத் திகதியையும் அழியாத மார்க்கரால் எழுதி, மேலே தெளிவான டேப் ஒட்டிவிட வேண்டும்.

பெரும்பாலான பிளேர்களுக்கு ஆயுள் 3 வருடம். அது உற்பத்தித் திகதியிலிருந்து எண்ணுவது, வாங்கிய நாளிலிருந்து அல்ல. கடையில் ஒன்றரை வருடம் கிடந்த சரக்கை முழு விலைக்கு வாங்கினால் பாதி ஆயுள்தான் மிச்சம். காசு கொடுக்க முன்னம் திகதியைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தரம் வாங்காமல் பாதியை இந்த வருடமும் பாதியை அடுத்த வருடமும் வாங்கினால், எந்த நேரமும் பாதியாவது புதிதாக இருக்கும். முதலாளிக்கும் செலவு ஒரேயடியாக விழாது. நிறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை வெளிச்சம் மோதலைத் தவிர்க்க எச்சரிப்பது. ஆபத்துக்குச் சிவப்பு. பகலுக்கு ஓரேஞ்ச் புகை.

கைப்பிளேர் 1 நிமிடம் எரியும். ஆனால் அதன் வெளிச்சம் கடல் மட்டத்தோடு ஒட்டியே நிற்கிறது. 2 மீற்றர் உயரத்தில் பிடித்ததை 4 மீற்றர் உயரத்தில் கண் இருக்கும் ஆள் பார்ப்பதென்றால், கடலின் வளைவு 12 கிலோமீற்றர் அளவிலேயே மறைத்துவிடும். மேலே போய்ப் பரசூட்டில் தொங்கி இறங்கும் பிளேரான பரசூட் ரொக்கெட் 300 மீற்றர் மேலே போய் 40 செக்கன் எரிகிறது. செக்கனுக்கு 5 மீற்றருக்கு மேல் இறங்காதபடி செய்திருப்பதால், அணையும்போதும் கடலுக்கு மேலே 100 மீற்றரில் நிற்கும். ஆகவே தூரத்து ஆளை அழைக்க ரொக்கெட், வருகிற போட்டுக்கு இடம் காட்டக் கைப்பிளேர். முதல் ரொக்கெட்டைப் பார்த்தவன் "என்னவோ மின்னிச்சுது" என்று விட்டுவிடுவான். ஓரிரு நிமிடத்துக்குள் இரண்டாவதும் போனால்தான் திசை பிடிபடும். எஞ்சின் நின்ற போட்டைக் கரையிலிருந்து வீசும் கச்சான் காற்று வெளிக்கடலுக்கே தள்ளும். பக்கத்துப் போட்டுகளின் விளக்கு தெரியும்போதே அடிப்பது நல்லது. கண்ணுக்கு யாரும் இல்லாத இடத்தில் இருப்பதையெல்லாம் கொளுத்திவிடக் கூடாது.

பிளேர் அதிகம் கெடுவது பாவிக்கும் காலத்தில் அல்ல, வாடைக்காற்று மாதங்களில். சின்ன போட்டுகள் கரையேறிக் கிடக்கும் மாதங்களில் பெட்டியை யாரும் திறப்பதில்லை. மழை ஈரமும் உப்புக் காற்றும் உள்ளே நின்றுவிடும். உள்ளே அடைத்த எரிமருந்தில் இருக்கும் மக்னீசியத்தில் ஈரம் பட்டால் அது அரித்து ஐதரசன் வாயு விடும். அதனால் வெளியே சேதமில்லாததுபோலத் தெரிந்தாலும் உறை லேசாகப் புடைத்திருக்கலாம். அதற்கு முன்னரே பற்றவைக்கும் பகுதி போய்விடும். மூடியை இறுக்கிய உலோக விளிம்பில் வெள்ளை அல்லது பச்சைப் பொடி, இழுநூல் தொட்டாலே பிசிறுவது, மூடி திருகாமல் ஒட்டிக்கொள்வது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் திகதி மிச்சமிருந்தாலும் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நனைந்ததைக் கருவாடு மாதிரி வெயிலில் காயப்போடுவதும் வேண்டாம். காய்ந்தாலும் மருந்து பழைய மருந்தாகாது, சூட்டில் அது ஆபத்தும் கூட.

போட் கரையேறியதும் பிளேரை இறக்கி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத பூட்டிய அலுமாரியில், அடுப்படிக்குத் தூரமாக வைக்க வேண்டும். கடலில் இருக்கும்போது இறப்பர் வளையம் உள்ள, வாய் அகன்ற, திருகு மூடிப் பிளாஸ்ரிக் கான்தான் நல்ல இடம். உள்ளே சிலிக்கா ஜெல் பை இரண்டு. எஞ்சின் அறை சூடு, ஐஸ் அறை ஈரம், இரண்டும் கூடாது. போட் கவிழ்ந்தால் கையோடு எடுக்கத்தக்கதாகக் கானுக்கு ஒரு கயிறு.

அதைவிட அதிகம் கவலைப்பட வேண்டிய விசயம், பெட்டியில் பழைய வகையும் புதிய வகையும் கலந்திருப்பது. ஒன்று அடியில் நூலை இழுப்பது, மற்றது திருகுவது, இன்னொன்று நெம்புவது. குறிப்பெல்லாம் ஆங்கிலத்தில். ஒவ்வொன்றிலும் "மேல்" என்று அம்புக்குறி போட்டு, என்ன செய்வதென்று இரண்டு வரி தமிழில் எழுதி ஒட்டிவிட்டால் இருட்டில் டோர்ச் வெளிச்சத்திலும் வாசிக்கலாம். பி.வி.சி. குழாயில் நூல் கட்டி ஒரு பொம்மைப் பிளேர் செய்து, ஸ்கிப்பர் மட்டுமல்லாமல் புதிதாக ஏறிய பொடியனும் கண்ணை மூடிக்கொண்டு இழுத்துப் பார்க்க வேண்டும்.

கைப்பிளேரைக் காற்று போகும் பக்கம் வெளியே சரித்துப் பிடிக்க வேண்டும். உருகிய துளி சொட்டும். வெளி எஞ்சின் போட்டில் மண்ணெண்ணெய்க் கான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் கொளுத்தாதீர்கள். ரொக்கெட் காற்றை நோக்கி வளையும் என்பதால் பலத்த காற்றில் 15 பாகை அளவு காற்றுப் போகும் திசைக்குச் சரிக்கலாம். மேகம் தாழ்ந்திருந்தால் 45 பாகை, இல்லாவிட்டால் வெளிச்சம் மேகத்துக்குள்ளே போய்விடும். இழுத்தும் போகாவிட்டால் அதே நிலையில் அரை நிமிடமாவது பிடித்திருந்துவிட்டுக் கடலில் போடுங்கள். குழாய்க்குள் எட்டிப் பார்க்கவே கூடாது.

திகதி முடிந்தவற்றில் உறை சேதமில்லாத ஒன்றிரண்டை "பழையது" என்று எழுதி மேலதிகமாக வைக்கலாம், எண்ணிக்கையில் சேர்க்காமல். மிச்சத்தை வாவியிலோ குப்பையிலோ போடக் கூடாது. கல்யாண வீட்டிலோ திருவிழாவிலோ அடித்தால் கடலில் யாரோ தேடப் போவார்கள். யானை விரட்டும் வெடிக்குப் பதிலாக வயல்காரருக்குக் கொடுத்தால் காய்ந்த வைக்கோல் பற்றும். புதிதை வாங்கும்போதே பழையதை எடுப்பீர்களா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். மாட்டோம் என்றால், பையில் போட்டு பஸ்ஸில் ஏறாமல், கடற்படை முகாமிலோ பொலிஸிலோ எங்கே ஒப்படைப்பதென்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.