மாரிக்குப் பிறகு எலக்ட்ரிக் சைக்கிளின் பின் சில்லு: பெயாரிங் மாற்றிய அனுபவம்

போன மாரியில் நாவற்குடாப் பக்கம் வெள்ளம் நின்ற ஒழுங்கைகளால் ஓடியதற்குப் பிறகு, என் எலக்ட்ரிக் சைக்கிளின் பின் சில்லில் கரகரவென்று சத்தம் தொடங்கியது. மோட்டர் அந்தச் சில்லின் நடுவிலேயேதான் இருக்கிறது. கல்லடிப் பாலத்தில் வேகம் பிடித்தால் அது ஊளையாக மாறும். முதலில் காட்டிய இடத்தில், "மோட்டர் முடிஞ்சுது, சில்லோட மாத்த வேணும்" என்றார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை.

பற்றரியைக் கழற்றி, சைக்கிளைக் கவிழ்த்து, சில்லைக் கையால் சுற்றிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். இறுக்கமாகச் சுற்றினால் மோட்டருக்குப் போகும் தடித்த மூன்று வயர்களின் பிளக்கையும் கழற்றிவிட்டு மறுபடி சுற்றுங்கள். அப்போது இலகுவாகச் சுற்றினால் பெரும்பாலும் பிழை மோட்டருக்குக் கரண்ட் விடும் கொன்ட்ரோலரில். எனக்கு இரண்டு விதமாகவும் அதே கரகரப்புத்தான். பக்கவாட்டில் பிடித்து அசைத்தால் ஆட்டமும் இருந்தது. பெயாரிங் போய்விட்டது, மோட்டர் அல்ல.

சில்லை இறக்குவது லேசான வேலை. மோட்டர் மூடியைத் திறப்பதுதான் கஷ்டம். என்னுடையது பல்சக்கரம் இல்லாத மோட்டர், சுற்றிவரக் காந்தம். கம்பி சுற்றிய நடுக்கட்டை வெளியே இழுக்கும்போது காந்தம் திருப்பி உள்ளே இழுக்கும், விரல் அகப்பட்டால் நசுங்கிவிடும். லேத் கடை அண்ணனிடம் கொடுத்து, புளர் என்ற இழுத்துக் கழற்றும் கருவி போட்டு எடுத்தோம். உள்ளே முழுக்கச் செந்துரு.

பெயாரிங்கில் இலக்கம் அடித்திருக்கும். ஒரு பக்கம் 6202, வயர் வரும் பக்கம் 6203. 6202 என்றால் உள் துளை 15 மில்லிமீற்றர், வெளி விட்டம் 35, தடிப்பு 11. யார் செய்தாலும் அதே அளவுதான், மோட்டர் சைக்கிள் சாமான் கடைகளிலும் கிடைக்கும். காத்தான்குடியில் கடைக்காரக் காக்கா பழையதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இசட் இசட், தகர மூடி. டூ ஆர்எஸ் கொண்டு போங்க மகன், ரெண்டு பக்கமும் ரப்பர். உப்புத் தண்ணிக்கு அதுதான் தாங்கும்" என்றார். நல்ல மனிசன்.

வயர் பக்கப் பெயாரிங்கை மாற்ற, பிளக்கிலிருந்து வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால்தான் அது வெளியே வரும். கழற்றமுன் படம் எடுத்து வையுங்கள். தடித்த மஞ்சள், பச்சை, நீலத்தோடு மெல்லிய வயர் ஐந்து இருக்கும். மாறிக் கொடுத்தால் மோட்டர் உதறும், அல்லது பின்னுக்குச் சுற்றும். புதுப் பெயாரிங்கை மூடிக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் குண்டு ஓடும் பாதையில் பள்ளம் விழும், புதுசிலேயே சத்தம் வரும்.

மறுகா, பூட்டும்போது பல் வைத்த வாஷரைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அந்தப் பல் சட்டத்தின் வெட்டுக்குள் இருக்க வேண்டும். மோட்டர் சில்லை முன்னுக்குத் தள்ளும்போது அச்சைப் பின்னுக்கு முறுக்கும். பிடிமானம் இல்லாவிட்டால் அச்சே சுற்றி வயரை அறுத்துவிடும்.

பூட்டி முடித்ததும் வயரை அச்சுக்குக் கீழே தொங்கும்படி வளைத்துக் கட்டினேன். மழைத்தண்ணி வயர் வழியே ஓடி உள்ளே போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மூடியின் விளிம்புக்குச் சிலிக்கனும் பூசியாயிற்று.