உடைந்த சீப்பு

"சார் போய்விட்டார்" என்று குழுவில் ஒரே வரி வந்தது. எந்த சார் என்று யாரும் கேட்கவில்லை. மற்றவர்களெல்லாம் கணக்கு சார், அறிவியல் சார். வெறும் 'சார்' என்றால் அவர் ஒருவர்தானே.

பள்ளியின் நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதக் கேட்டபோது, அவர் பாடம் நடத்தும் அழகை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நினைப்பு ஆய்வுக்கூட ஜன்னலுக்கே திரும்பத் திரும்பப் போகிறது.

ஒன்பதாம் வகுப்பு. ஆய்வுக்கூடத்தின் கடைசி ஜன்னலில் கண்ணாடி உடைந்திருந்தது. இடைவேளையில் அந்தப் பக்கம் நின்றவன் நான் ஒருவன்தான். நான் உடைக்கவில்லை. "ஒத்துக்கொள், விட்டுவிடுகிறேன்" என்றார் சார். நான் மறுக்க மறுக்க அவருக்கு அது திமிராகப் பட்டது. மறுநாள் காலைக் கூட்டத்தில், மேடைக்குக் கீழே, எல்லோரையும் பார்த்தபடி நிற்க வைத்தார். முதல் வரிசையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் மேடைப் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் சிமெண்ட் பெயர்ந்து, கறுப்பாக ஒரு கூழாங்கல் தெரியும். அதை இன்றைக்கு வரையச் சொன்னாலும் வரைந்துவிடுவேன்.

ஒரு வருடம் கழித்து, நூலகம் மூடும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். காகிதத் துண்டு செருகிய ஒரு தடித்த புத்தகத்தை நீட்டி, "கொஞ்சம் பக்கம்தான், இங்கேயே உட்கார்ந்து படி" என்றார். எதிரில் அமர்ந்து விடைத்தாள் திருத்த ஆரம்பித்தார்.

தத்துவவாதி ரூசோ தன் வாழ்க்கையைத் தானே எழுதிய 'ஒப்புதல்கள்'. 1712இல் ஜெனீவாவில் ஒரு கடிகாரக்காரருக்குப் பிறந்த பிள்ளை, பத்துப் பன்னிரண்டு வயதில் போசே என்ற கிராமத்தில் ஒரு பாதிரியார் வீட்டில் தங்கிப் படிக்கிறான். பாதிரியாரின் தங்கையுடைய சீப்புகள் அடுப்படியில் காயும்போது ஒன்றில் பற்கள் உடைந்துபோகின்றன. பக்கத்து அறையில் இருந்தவன் அவன்தான். இல்லை என்கிறான், அடி விழுகிறது, மறுபடியும் இல்லை என்கிறான். ஐம்பது வருடத்துக்குப் பிறகு எழுதும்போதும் நாடி துடிக்கிறது என்கிறார் ரூசோ. அநீதி என்ற சொல்லுக்கு அவருக்குப் பொருள் தெரிந்தது அந்த அடுப்படியில்தான். அப்புறமும் சில மாதம் அந்தக் கிராமத்திலேயே இருக்கிறான். ஆனால் அதே வயல்வெளி பழைய வயல்வெளியாக இல்லை. தோட்டம் போடுவதைக்கூட நிறுத்திவிடுகிறான்.

படித்து முடித்ததும், "என்ன தோன்றுகிறது?" என்று கேட்டார்.

"சீப்பை யார் உடைத்தது என்று கடைசிவரை தெரியவே இல்லையே சார்."

"ஜன்னலை உடைத்தது யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது" என்றார். விடைத்தாளிலிருந்து தலை நிமிரவில்லை. சிவப்புப் பேனா மட்டும் நின்றுபோயிருந்தது.

"சரி சார்" என்று புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் கேட்டது மன்னிப்பு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது நடுவில் கடல் இருந்தது.

இங்கே எனக்கு வாய்த்தது ஊழியர்களின் முறையீடுகளை விசாரிக்கும் வேலை. "நான் செய்யவில்லை" என்று ஒருவர் சொன்னால், முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வேன். இருபத்தாறு வருடத்தில் ஒருவரையும் நிற்க வைத்துக் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அது அந்த மேடைப் படியிலிருந்து வந்தது. ஒருவருடைய கருத்தைப் படிக்கும்போது அவர் சிறுவயதில் எங்கே நின்றார் என்று தேடிப் பார்க்கும் வழக்கமும் அப்படித்தான் வந்தது.

சாருக்குப் பிடித்தவர் ஜெர்மன் தத்துவவாதி கான்ட். 1724இல் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்து, அந்த வட்டாரத்தைத் தாண்டாமல் 1804இல் அங்கேயே இறந்தவர். கப்பல்கள் வந்துபோகும் அப்படி ஓர் ஊரில் இருந்தபடியே மனிதர்களையும் உலகத்தையும் அறியலாம் என்று 1798இல் எழுதினார். அவர் வீட்டுச் சுவரில் தொங்கிய ஒரே படம் ரூசோவுடையது. இதைச் சொல்லும்போது சார் முகத்தில் வரும் மலர்ச்சி உங்களுக்கும் நினைவிருக்கும். அவரும் முப்பது வருடம் ஒரே வகுப்பறையில் இருந்தவர்தான்.

ரூசோ கிளம்பிப் போனவர். 1728இல், பதினைந்து வயதில், ஒரு ஞாயிறு மாலை வெளியே சுற்றிவிட்டு ஓடிவரும்போது கண்ணெதிரே ஜெனீவா கோட்டை வாசலின் தூக்குப்பாலத்தை இரவுக்காகத் தூக்குகிறார்கள். விடிந்ததும் உள்ளே போகாமல் ஊரைவிட்டே நடந்துவிட்டார். 34 வருடம் கழித்து, 'சமுதாய ஒப்பந்தம்' நூலின் முகப்பில் 'ஜெனீவாக் குடிமகன்' என்றே போட்டுக்கொண்டார். அதே வருடம் அந்த நூலை எரித்தது ஜெனீவா.

போன முறை ஊருக்கு வந்தபோது பள்ளிக்கூடம் வரை போனேன். மாலையாகிவிட்டதால் கேட் பூட்டியிருந்தது. சார் வீடு இரண்டு தெரு தள்ளித்தான், இந்நேரம் விழித்திருப்பார் என்று காவலாளி சொன்னார். அந்த நாற்காலியைப் பற்றி அவரிடம் சொல்ல நினைத்துத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். நேரமாகிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். விமானத்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது.