பில் இருக்கா?

வண்ணாரப்பேட்டையில் எனக்குத் தம்பி முறையாகும் ஒருவன் செல்போன் கடை வைத்திருக்கிறான். நேற்று போனபோது மேஜை மேல் ஒரு பெட்டி நிறைய சார்ஜர். பெரிய கம்பெனி பெயர்தான், ஆனால் கையில் எடுத்தால் காலி டப்பா கனம். பின்பக்கம் அச்சடித்த பெயரில் ஒரு எழுத்தைக் காணோம்!

"நானா தயாரிச்சேன்? வாங்கி விக்கிறேன், அவ்வளவுதாண்ணா" என்றான்.

1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் (டிரேட்மார்க்) சட்டத்தின் 104ஆவது பிரிவு, போலிப் பெயர் போட்ட சரக்கை விற்கிறவரைப் பிடிக்கத்தான் இருக்கிறது. விற்றிருக்கக்கூட வேண்டாம், விற்பதற்காக வைத்திருந்தாலே குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அபராதம் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை. இரண்டாம் தடவை மாட்டினால் சிறை ஓராண்டிலிருந்து ஆரம்பம்.

தெரியாமல் விற்றவருக்கு வழி உண்டு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது அவர்தான். பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினேன், சந்தேகப்பட இடமே இல்லை என்று காட்ட வேண்டும். சரக்கு யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் தெரிந்ததை முழுசாகச் சொல்ல வேண்டும்.

"சரி, பில் இருக்கா?" என்றேன். கல்லாவைக் கிளறி ஒரு துண்டுச் சீட்டை நீட்டினான். 'மால் 40' என்று பென்சிலில் எழுதியிருந்தது. பெயர், முகவரி எதுவும் இல்லை.

அப்புறம் டீ சொல்லவா என்று கேட்டான்.