சீட்டில் ஏறாத எரிவாயு

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுக் கோபர் கேஸ், அதாவது சாண எரிவாயு, டிரம் எழும்பாது. கோத்தகிரிக்குப் பக்கத்தில், மாட்டுக் கொட்டகையை ஒட்டி அப்பா கட்டிய இரண்டு கன மீட்டர் கலன் அது. நாளொன்றுக்கு ஐம்பது கிலோ சாணம் கரைத்து ஊற்றுகிறோம். சித்திரையில் விடியற்காலை போய்ப் பார்த்தால் இரும்பு மூடி முழங்கால் உயரத்துக்கு மேலே வந்து நிற்கும்; தையில் அதே மூடி கரைசலுக்குள் அமிழ்ந்து கிடக்கும். சாணத்திலிருந்து மீத்தேனைப் பிரிக்கும் நுண்ணுயிர்களுக்கு ஏறத்தாழ 35 டிகிரி வெப்பம் உகந்தது. பத்து டிகிரிக்குக் கீழே இறங்கினால் அவை கிட்டத்தட்ட வேலையை நிறுத்திவிடுகின்றன. வெந்நீரில் சாணம் கரைத்துப் பார்த்தோம், கலனைச் சுற்றிச் சருகு குவித்தும் பார்த்தோம். அம்மாவின் காப்பிக்குத்தான் அது போதுமானதாக இருந்தது.

இந்த டிரம்மோடு பழகியவன் என்பதால் புதுப்பிக்கத்தக்க எரிவாயுவின் வணிகம் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். சாண எரிவாயுவில் ஐந்தில் மூன்று பங்களவு மீத்தேன்; மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு, அதோடு கொஞ்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. இவற்றை நீக்கி மீத்தேனைத் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் உயர்த்திவிட்டால், அதைப் பூமிக்கடியிலிருந்து வரும் இயற்கை எரிவாயு செல்லும் அதே குழாயில் செலுத்தலாம். ஆனால் குழாய்க்குள் கலந்த பிறகு எது சாணத்திலிருந்து வந்தது, எது கடலடிக் கிணற்றிலிருந்து வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படியானால் பசுமை எரிவாயு வேண்டும் என்று கூடுதல் பணம் கொடுப்பவர் எதை வாங்குகிறார்?

மலைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. எங்கள் பச்சைத் தேயிலையை இலை ஏஜென்ட் எடை போட்டு, ஈரத்துக்கு என்று ஒரு பங்கைக் கழித்து, சீட்டு எழுதித் தருவார். ஃபேக்டரியில் அது ஐம்பது வீட்டு இலையோடு ஒன்றாகக் கொட்டப்படும். தூளாகி வெளியே வரும்போது எங்கள் இலை எது என்று கேட்பதில் பொருளில்லை. இருந்தாலும் மாதக் கடைசியில் பணம் சீட்டின்படியே வரும். ஒருமுறை எங்கள் நாற்பத்திரண்டு கிலோ எங்கள் பக்கத்திலும் இன்னொருவர் பக்கத்திலும் ஏறிவிட்டது. ஃபேக்டரிக் கணக்கில் இலை குறைய, அடுத்த மாதம் ஏஜென்ட் எல்லோருடைய தொகையிலும் கொஞ்சம் கொஞ்சம் பிடித்துக்கொண்டார். எரிவாயு வணிகத்தில் எல்லோரும் அஞ்சுவது இதே இரட்டைப் பதிவுக்குத்தான்.

பசுமை எரிவாயு வாங்குபவர் கையிலும் இப்படி ஒரு சீட்டுதான் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் மின்சாரத்துக்கு வைத்திருந்த, ஆற்றல் எந்த மூலத்திலிருந்து வந்தது என்று காட்டும் பிறப்பிடச் சான்றிதழ் முறையை 2018ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் எரிவாயுவுக்கும் நீட்டித்தது. ஒரு மெகாவாட் மணி ஆற்றலுக்கு ஒரு சான்றிதழ். உற்பத்தியான பன்னிரண்டு மாதங்களுக்குள் கைமாறலாம். பயன்படுத்தியதும் பதிவேட்டில் அதை ரத்து செய்துவிட வேண்டும். ஜெர்மனி, டென்மார்க், ஆஸ்திரியா என்று ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு பதிவேட்டை வளர்த்துக்கொண்டதால், ஒரு நாட்டுச் சீட்டை இன்னொரு நாட்டுக் கணக்குப்பிள்ளை ஒப்புக்கொள்ளச் செய்வதே பெரும்பாடாயிற்று. அவற்றை இணைப்பதற்கென்றே 2016இல் எர்கார் என்ற அமைப்பு பிரஸ்ஸல்ஸில் உருவாயிற்று. இதில் குழப்புவது, சீட்டு இரண்டு வகை என்பதுதான். பிறப்பிடச் சான்றிதழ் வாயுவை விட்டுப் பிரிந்து தனியே பயணிக்கும். சட்டப்படியான பசுமை இலக்கில் சேர்க்க வேண்டுமானால், சூழலைக் கெடுக்காமல் உற்பத்தியானது என்று காட்டும் நிலைத்தன்மைச் சான்று வேண்டும். அது வாயுவோடு ஒட்டியே, ஒன்றோடொன்று இணைந்த குழாய் வலைக்குள் போட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்ற கணக்கோடு நகர வேண்டும்.

எல்லையில் என்ன நடக்கும் என்பதற்கு சுவீடன் நல்ல உதாரணம். அங்கே உயிர் எரிவாயுவுக்கு, அதாவது சாணம், கழிவு போன்றவற்றிலிருந்து வரும் வாயுவுக்கு, வரிவிலக்கு இருந்தது. டென்மார்க்கிலோ உற்பத்தியாளருக்கே அரசு உதவி உண்டு. டென்மார்க் வாயு சுவீடனுக்குப் போனபோது இரண்டு சலுகையும் ஒரே வாயுவுக்குக் கிடைக்கிறது என்று ஒரு ஜெர்மானிய நிறுவனம் வழக்குத் தொடுக்க, 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த வரிவிலக்குக்கு ஐரோப்பிய ஆணையம் தந்த ஒப்புதலை ரத்து செய்தது. அடுத்த மார்ச்சில் சுவீடனின் உள்நாட்டு உற்பத்தியாளர்களும் சேர்ந்தே சலுகையை இழந்தார்கள். வழக்கில் நியாயம் இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் ஏஜென்ட் எல்லோரிடமும் பிடித்த தொகைதான் நினைவுக்கு வந்தது.

நம் நாட்டில் 2018 அக்டோபரில் தொடங்கிய சதத் (SATAT) திட்டம் அழுத்தப்பட்ட உயிர் எரிவாயு தயாரிக்க ஐயாயிரம் ஆலைகளை இலக்காக வைத்தது. அதில் ஒரு சிறு பங்குதான் எழுந்தது. ஆலை கட்டச் சொன்னார்களே தவிர, வாங்கியே தீர வேண்டியவர் என்று யாரும் இல்லை. அதை மாற்றியது 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட கலப்புக் கட்டாயம்: நகர எரிவாயு நிறுவனங்கள் வாகனங்களுக்கும் வீடுகளுக்கும் விற்கும் வாயுவில் 2025-26இல் 1 விழுக்காடு, அடுத்து 3, பிறகு 4, 2028-29 முதல் 5 விழுக்காடு அழுத்தப்பட்ட உயிர் எரிவாயு இருக்க வேண்டும். நாமக்கல் போல் கோழிக்கழிவு குவியும் சமவெளிக்கு இது நல்ல செய்தி.

மலைக்கு அப்படியில்லை. இங்கே குழாய் ஏறி வரவில்லை. கேத்தியில் கழுவிக் கழித்த கேரட்டையும் ஊட்டி மார்க்கெட்டின் கோஸ் இலையையும் வாயுவாக்கினாலும், அதை இருநூறு மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் இரும்புச் சிலிண்டர்களில் அடைத்து, வாயுவைவிடப் பல மடங்கு கனமான அந்த இரும்பையும் சேர்த்துக் கொண்டை ஊசி வளைவுகளில் மேட்டுப்பாளையம் வரை இறக்க வேண்டும். நாடுகாணி தாண்டிக் கேரளத்துக்கோ கக்கநல்லா தாண்டிக் கர்நாடகத்துக்கோ கொண்டுபோனாலும் இதே கதைதான். வாயு இங்கேயே ஒரு தேயிலை ஃபேக்டரியில் விறகுக்குப் பதில் எரிய, அதன் சான்றிதழ் மட்டும் கீழே இறங்கி விற்கப்படுவதே எங்களுக்கு ஏற்ற வழி என்று நினைக்கிறேன். மின்சாரத்தில் இது நமக்குப் பழக்கமானதுதான். புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கான சான்றிதழ் முறை 2010இலேயே வந்துவிட்டது. நாடு முழுமைக்கும் ஒரே பதிவேடாக இருந்தால் எங்கள் நாற்பத்திரண்டு கிலோ இரண்டு பக்கத்தில் ஏறாது.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு உட்கார்ந்து எங்கள் டிரம்முக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மெகாவாட் மணிக்கு ஏறத்தாழ நூறு கன மீட்டர் மீத்தேன், அதாவது 167 கன மீட்டர் சாண எரிவாயு வேண்டும். நாளுக்கு இரண்டு கன மீட்டர் வந்தால் எண்பத்து நான்கு நாளில் ஒரு சான்றிதழ். பனிக்காலத்தின் நான்கு மாதத்துக்குப் பாதி என்று வைத்தால் வருடத்துக்கு மூன்று தேறும்.

"ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பாங்க?" என்று கேட்டார் மாமா.