சாவி யாரிடம் இருக்கிறது?

எட்டு வருடமாக அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு மனநல மருத்துவம் பார்க்கிறேன். தமிழ்நாட்டைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பரப்பு. ஜனம் 6 லட்சத்துக்கும் குறைவு. தலைநகர் ஷையான் நம் குன்னூர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் தேயிலையும் கிடையாது, மரமும் அபூர்வம். புல்வெளியும் ஓயாத காற்றும்தான். குளிர்காலத்தில் அந்தக் காற்று பனியை வாரி அடிக்கும்போது நெடுஞ்சாலையையே மூடிவிடுவார்கள்.

வந்த புதிதில் நான் மனதை மட்டும்தான் விசாரித்தேன். தூக்கம் வருகிறதா, கெட்ட கனவு உண்டா, செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா. இரண்டாவது குளிர்காலத்தில் ஒருவரைப் பறிகொடுத்தோம். சாலை மூடியதால் அவர் வரவேண்டிய நாள் இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. தனியாக இருந்தார். பக்கத்து வீட்டுக்குப் போக வண்டி எடுக்க வேண்டும். இதெல்லாம் அவர் போன பிறகே எனக்குத் தெரியவந்தது. அவருடைய கோப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கனவுகளைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தேன். எங்கே இருக்கிறார், யாரோடு இருக்கிறார், வீட்டில் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று ஒரு வரி இல்லை.

2022-ல் அமெரிக்காவில் 6,407 முன்னாள் படைவீரர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். நாளொன்றுக்குப் பதினேழு, பதினெட்டுப் பேர். நான்கில் ஏறக்குறைய மூன்று சாவு துப்பாக்கியால். மலை மாநிலங்களில் நிலைமை இன்னும் மோசம். உயரத்துக்கும் தற்கொலைக்கும் தொடர்பு இருப்பதாக யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆக்சிஜன் குறைந்தால் மூளையில் செரோட்டோனின் குறையலாம் என்பது அவர்கள் சொல்லும் ஒரு விளக்கம். இருக்கலாம். ஆனால் துப்பாக்கியும் தனிமையும் தூரமும் அதே உயரத்தில்தான் சேர்ந்து கிடக்கின்றன. மலையை என்னால் இறக்க முடியாது. துப்பாக்கியைக் கைக்கு எட்டாமல் கொஞ்சம் தள்ளிவைக்க முடியும்.

"சாகணும்னு நினைச்சவன் எப்படியும் செத்துடுவான்" என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கேயும் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. மதுரையில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது பூச்சிமருந்து குடித்துப் பிழைத்தவர்கள் "அந்த நேரத்துல கைக்குக் கிடைச்சுது" என்று சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995-க்குப் பிறகான இருபது வருடத்தில் தற்கொலை விகிதம் 70 சதவீதம் போல் இறங்கியது. இஸ்ரேல் ராணுவம் 2006-ல் வார விடுமுறைக்குத் துப்பாக்கியை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம் என்றது. இளம் வீரர்களின் தற்கொலை 40 சதவீதம் குறைந்தது. அந்த ஒரு பொல்லாத நேரத்தைக் கடத்திவிட்டால் போதும், பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

ஈராக்கில் பலாத் தளத்தில் இருந்தவர் ஒருவர் என்னிடம் வருகிறார். அங்கே குப்பைக்குழி இரவும் பகலும் எரியுமாம். பிளாஸ்டிக், பேட்டரி, மருத்துவக் கழிவு எல்லாம் அதில்தான். பற்றவைக்க விமான எரிபொருள். இருமல் இன்னும் அவரை விடவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது. 2022-ல் வந்த பேக்ட் சட்டத்தால், இந்தப் புகையால்தான் நோய் வந்தது என்று ஒவ்வொருவரும் நிரூபிக்க அலைவது பல நோய்களுக்கு இல்லாமல் போனது. உதவித்தொகை வருகிறது. தூக்கம் வரவில்லை.

ஓர் அக்டோபர் மாதம் அவர் முன்னால் ஒரு கேபிள் பூட்டை வைத்தேன். படைவீரர் நலத்துறை இலவசமாகக் கொடுப்பது. துப்பாக்கிக்குள் கோத்துப் பூட்டிவிட்டால் சுட முடியாது. வளைகிற இரும்புக் கயிறு, இரண்டு சின்னச் சாவி. கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"டாக், அது என் தாத்தாவோட துப்பாக்கி. பிடுங்கப்போறீங்களா?"

விவசாயியிடம் நிலப்பத்திரத்தைக் கேட்டால் முகம் எப்படிப் போகும், அப்படிப் போயிருந்தது அவர் முகம்.

"இல்லைங்க. அது உங்களோடதுதான். நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் யார் வீட்ல இருந்தா உங்களுக்கு நிம்மதியா இருக்கும்?"

ரொம்ப நேரம் பேசவில்லை. ஜன்னல் கண்ணாடி காற்றில் அதிர்ந்துகொண்டிருந்தது. "என் மச்சினன்கிட்ட இரும்புப் பெட்டி இருக்கு" என்றார் கடைசியில். நெருக்கடி உதவிக்கான எண்ணை, 988 அடித்து 1 அழுத்த வேண்டும், ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அவர் வீட்டில் எந்த மூலையில் சிக்னல் கிடைக்கும் என்பதையும் கேட்டு அதிலேயே குறித்தேன்.

மூன்று குளிர்காலம் ஆகிறது. போன நவம்பரில் அவரே போன் செய்தார்.

"குடுத்துட்டேன், டாக். ரோடு மூடிட்டாங்க, ராத்திரி அங்கயே தங்கிட்டேன். பசங்களோட சீட்டாடினேன்."