ஓணத்துக்குக் கேந்தி விதைக்கும் கணக்கு

குமரி மாவட்டத்தின் பூச்சந்தை ஊரான தோவாளை என்றதும் பிச்சியும் மல்லிகையும்தான் நம்மவர்கள் நினைவில் முதலில் மணக்கும். அவை குச்சி ஊன்றியோ பதியன் போட்டோ வளர்ப்பவை. நம் பள்ளியின் கிணற்றங்கரைப் பாத்தியில் விதையிலிருந்து வளர்ந்தது கேந்தி; வடக்கே செண்டுமல்லி என்பார்கள். பூர்வீகம் மெக்சிகோ. இன்று எல்லைக்கு அப்பால் கேரளத்தில், ஓணத்துக்கு வாசலில் இடும் அத்தப்பூக் களம் நிறைவதற்கு இது இல்லாமல் முடியாது.

ஓண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவதுதான் கணக்கு. விதைத்து 60 முதல் 70 நாளில் முதல் பூ வரும். நுனி கிள்ளினால் இன்னும் 10, 15 நாள் கூடும். 2025-இல் திருவோணம் செப்டம்பர் 5, பூக்களம் இடத் தொடங்கும் அத்தம் ஆகஸ்ட் 26. அந்த அத்தத்திலிருந்து 85 நாள் பின்னால் போனால் ஜூன் 2. பள்ளி திறக்கும் வாரமும் விதைப்பு வாரமும் ஒன்றாகவே வந்தது இதனால்தான்.

விதை கறுப்பு ஊசி போலிருக்கும், ஒரு முனையில் வெளிர் வைக்கோல் நிறக் குஞ்சம். ஒரு கிராமில் சுமார் 300 இருக்கும். அரையடி உயர மேட்டுப்பாத்தியில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் வரிசையாகத் தூவி, சலித்த மக்கிய உரம் போட்டு மூடி, மேலே வைக்கோல் பரப்பிப் பூவாளியால் நனைக்க வேண்டும். ஈரம் குடித்ததும் முதலில் வேர் இறங்கும். பிறகு தண்டு கொக்கிபோல் வளைந்து மண்ணைத் தள்ளும். அப்படி வளைந்து வருவதால்தான் இளங்குருத்து மணலில் உரசிக் கெடுவதில்லை. 4 முதல் 7 நாளில் இரண்டு விதையிலைகள் விரியும். அன்றே வைக்கோலை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளிறி நூலாக நீண்டுவிடும்.

இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலும் கைநழுவும். ஜூன் சாரலில் மண் நனைந்தே கிடக்கும். அதற்குமேல் அன்பு மிகுந்து இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினால் நாற்றழுகல் வந்து, தண்டு தரைமட்டத்தில் நீர்கோத்து மடிந்து விழும். விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. நெருக்கமில்லாத விதைப்பு, மேல்மண் லேசாகக் காய்ந்த பிறகே தண்ணீர், விதையோடு கொஞ்சம் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை: இவை மூன்றும் போதும்.

25 நாளில் நாற்று எடுத்து ஒன்றரை அடி இடைவெளியில் மாலையில் நட வேண்டும். கேந்தித் தண்டு மண் பட்ட இடத்தில் புது வேர் விடும், எனவே சற்று ஆழமாக நடலாம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் செடி சாயாமல் நிற்க இது பெரிய உதவி. பிறகு மண் அணைப்பதும் அதற்காகவே. நட்ட நான்காம் வாரம் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடித்து, ஒரு பூவுக்குப் பதில் பத்துப் பூ கிடைக்கும். யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் தழைக்கும், மொட்டு பிந்தும். மழை ஓய்ந்து வெயில் ஏறினால் இலையடியில் சாறு உறிஞ்சும் சிவப்புச் சிலந்திப்பேன் வரும். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் குறையும்.

நாம் ஒரு பூ என்று எண்ணுவது உண்மையில் பல சிறு பூக்களின் கூட்டம். வெளிவட்டம் முதலில் மலர்ந்து உள்நோக்கிப் போகும். வெயிலுக்கு முன் பறிக்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை பறித்தால்தான் அடுத்த மொட்டு தொடரும்.

வெளிநாட்டில் வளர்க்கும் நண்பர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது பகல் நீளம். உயரக் கேந்தி குறும்பகலில் விரைந்து மொட்டு வைக்கும். நம் ஊரில் பகல் ஆண்டு முழுவதும் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும். லண்டனில் ஜூன் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும். செடி இலையும் தண்டுமாக ஓங்கி நிற்கும், பூ பிந்தும். ஏப்ரலில் வீட்டுக்குள் விதைத்து, முளைத்த முதல் இரண்டு வாரம் மாலை முதல் காலை வரை அட்டைப்பெட்டியால் மூடி ஒளியை 9 மணி நேரமாகக் குறைத்தால் மொட்டு முந்தும். உறைபனி முற்றிலும் நின்ற பிறகே வெளியே நட வேண்டும். வளைகுடாவில் அக்டோபரில் விதைத்தால் குளிர்காலம் முழுக்கப் பூ.

விதைக்கு ஒன்றிரண்டு பூவைச் செடியிலேயே பழுப்பாகும்வரை விட்டு, நிழலில் உலர்த்திக் காகிதப் பையில் வைக்கலாம். கடைக் கலப்பின விதையின் பூவிலிருந்து எடுத்தது தாயைப்போல் வராது. சிலவற்றில் ஒற்றையடுக்குப் பூதான் வரும். நாட்டுக் கேந்தி என்றால் அடுத்த ஜூனுக்கே அதை விதைத்துவிடுங்கள், இரண்டாம் ஆண்டில் முளைப்பு வெகுவாகக் குறையும்.